ஆற்று வாளையைத் தேடிப் போகிறவர்களுக்கு: வைகை முதல் கண்மாய் உள்வாய் வரை

மதுரை கரிமேடு மீன் மார்க்கெட்டில் "வாளை இருக்கா?" என்று கேட்டால், வெள்ளி நாடாவைச் சுருட்டி வைத்தது போன்ற ஒரு மீனைத் தூக்கிக் காட்டுவார்கள். அது சாவாளை, கடல் மீன். நாம் தேடுவது ஆத்து வாளை. செதில் இல்லாத, மீசை வைத்த, கெளுத்தி வகையறாவைச் சேர்ந்த நன்னீர் மீன். ஆகவே கேட்கும்போதே "ஆத்து வாளை" அல்லது "கண்மாய் வாளை" என்று சொல்லிக் கேளுங்கள்.

விலங்கியலார் இதற்கு வைத்த பெயர் வல்லாகோ அட்டு. ஜெர்மானிய மீனியலாளர் பிளாக் எழுதி முடிக்காமல் 1799-இல் இறந்துபோக, ஷ்னைடர் அதை முடித்து 1801-இல் வெளியிட்ட நூலில்தான் இந்த மீன் முதலில் பதிவானது. அந்த 'அட்டு' வேறொன்றுமில்லை, நம்முடைய 'ஆத்து' வாளைதான். அறிவியல் பெயரிலேயே ஆறு இருக்கிறது. உயிரினங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிடும் உலகளாவிய செம்பட்டியலில் இன்று இது அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது.

வாளையும் பருவம் பார்த்து இடம் மாறும், அதாவது வலசை போகும். வலசை என்றதும் கடலுக்குப் போகும் விலாங்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். விலாங்கு முட்டையிடக் கடலுக்கு இறங்கும். வாளையின் பயணம் முழுக்க நன்னீருக்குள்ளேயே நடக்கிறது. கோடையில் ஆற்று மடுவிலோ அணையிலோ கண்மாய்ப் பள்ளத்திலோ பதுங்கிக் கிடக்கும். வெள்ளம் வந்ததும் கால்வாய், ஓடை, வயல் என்று புதிதாய் நனைந்த இடங்களுக்கு ஏறும். அங்கே முட்டையிட்டுவிட்டு, தண்ணீர் வடியும்போது மறுபடி ஆழத்துக்கு இறங்கும். இந்த ஏற்றமும் இறக்கமும் எந்த வழியில் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீனைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி.

மீசையை எண்ணுங்கள்

முதல் வேலை, வாளையை மற்றவற்றிலிருந்து பிரித்தறிவது. இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். நிறத்தையும் நீளத்தையும் நம்பவே நம்பாதீர்கள். கலங்கல் தண்ணீரில் கிடந்த மீன் வெளுத்துப்போகும், ஐஸில் கிடந்தது கறுத்துப்போகும். மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள்: மீசை எத்தனை ஜோடி, முதுகுத் துடுப்பு எப்படி, முதுகில் வாலை ஒட்டிச் சதைத் துடுப்பு உண்டா.

வாளைக்கு இரண்டே ஜோடி மீசை. மேல்தாடையில் முளைக்கும் ஜோடி நீளமானது. அதை உடம்போடு ஒட்டிப் பின்னால் படுக்க வைத்தால் அடித்துடுப்பு தொடங்கும் இடத்தையும் தாண்டும். கீழ்த்தாடை மீசை குட்டை. முதுகுத் துடுப்பு ஒரு வேப்பிலை அளவுக்குச் சின்னதாக, முள் இல்லாமல், மெல்லிய ஐந்து கதிரோடு (துடுப்பைத் தாங்கும் குச்சிகள்) நிற்கும். சதைத் துடுப்பு கிடையாது. வாய்தான் பார்த்ததும் மனதில் நிற்பது: பிளவு கண்ணுக்குப் பின்னால் வரை போகும், கீழ்த்தாடை முன்னால் துருத்தும். உடம்பு பக்கவாட்டில் தட்டையாக வாள் போல இருக்கும். வயிற்றுக்குக் கீழே தொடங்கும் அடித்துடுப்பு வால் வரை ஒரே ஓட்டமாக ஓடும்.

சந்தேகம் தீராவிட்டால், கடையில் இறந்த மீன் ஒன்றை வாங்கி அந்த அடித்துடுப்பை ஈரமான கறுப்புத் துணி மேல் விரித்து, குண்டூசி முனையால் கதிர்களை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுங்கள். 77-இலிருந்து 97-க்குள் வரும். பத்துப் பத்தாக எண்ணிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால் தப்பாது. கடைசி ஏழெட்டுக் கதிர்கள் வாலடியில் நெருக்கமாக இருக்கும். அங்கே மட்டும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒருமுறை இப்படி எண்ணியவர் அப்புறம் வாளையைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

குழப்பும் மீன்கள் நான்கு.

தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி: மீசை நான்கு ஜோடி. தலை கல் மாதிரி கெட்டியாகத் தட்டையாக இருக்கும். முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி வால் வரை நீளும். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டிலிருந்து இதை வளர்க்கத் தடை இருந்தும் கண்மாய்களில் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு கண்மாயில் "பெரிய பெரிய வாளை கிடைத்தது" என்று யாராவது சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

தேளி: இதற்கும் நான்கு ஜோடி மீசை. முதுகுத் துடுப்பு வாளையைப் போலவே சின்னது, அடித்துடுப்பும் நீளம். அதனால் ஒரு சாண் நீளக் குட்டிகளைப் பார்த்தால் குழப்பம் வரும். மீசையை எண்ணினால் தீர்ந்தது. எண்ணும்போது கை பத்திரம். தேளியின் மார்புத் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி வெந்நீரில் அரை மணிக்குக் குறையாமல் அந்த இடத்தை அமிழ்த்தி வையுங்கள், பிறகு மருத்துவரிடம் போங்கள். வலி மரத்த கைக்குச் சூடு தெரியாது. ஆகவே தண்ணீரை இன்னொருவர் தொட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

நாட்டுக் கெளுத்தி: நான்கு ஜோடி மீசை, முதுகில் குத்தும் முள், வாலுக்கு முன்னால் சதைத் துடுப்பு. மூன்றும் வாளைக்கு இல்லை.

பண்ணைகளிலிருந்து வரும் பங்காஸ்: இதற்கு மீசை இரண்டு ஜோடிதான், அதனால் எண்ணிக்கை ஏமாற்றும். ஆனால் முதுகில் முள் உண்டு, சதைத் துடுப்பும் உண்டு, வாய் சின்னது.

அந்த உடம்புக்கு என்ன தேவை

வாளைக்கு வேட்டைதான் பிழைப்பு. குஞ்சுப் பருவம் தாண்டியதும் மீன், இறால், தவளை என்று அசைவதைத் தின்னும். பகலில் கரை வேர்களுக்கு அடியிலும் பொந்திலும் மதகுக் கீழ்ப்பள்ளத்திலும் சும்மா கிடக்கும். இருட்டியதும் கிளம்பும். மற்றக் கெளுத்தி வகைகளைப் போலவே மீசையாலும் தோலாலும் சுவை அறியும், தண்ணீரின் அதிர்வையும் நன்றாகவே உணரும். கரையில் தொம்தொம் என்று நடந்தால் நீங்கள் டார்ச்சை எடுப்பதற்குள் அது போயிருக்கும்.

புதியவர் மனதில் ஏற்ற வேண்டிய முக்கியமான விஷயம் மூச்சு. தேளியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மேலே வந்து காற்றை விழுங்கி உயிர்வாழும், சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். வாளைக்கு அந்த வசதி இல்லை. செவுளை மட்டும் நம்பியிருக்கும் மீன் அது. ஆகாயத்தாமரை மூடிய, சாக்கடை கலந்த கண்மாயில் தேளி இருக்கலாம், ஜிலேபிக் கெண்டை இருக்கலாம், வாளை இருக்காது. மதுரை நகரத்துக்குள் ஏ.வி. பாலத்தை ஒட்டித் தேங்கும் வைகைத் தண்ணீரைப் பார்த்தாலே இது புரியும். வலையில் வாளை விழுந்ததும் சீக்கிரம் செத்துப்போவதற்கும் காரணம் இதுதான்.

அடுத்தது, வாளை தாவி ஏறாது. பனையேறிக் கெண்டையைப் போலத் தரையில் ஊர்ந்து போகவும் தெரியாது. தண்ணீர் அறுபடாமல் இருந்தால்தான் அது நகரும். ஒரு கலிங்கில், அதாவது கண்மாயின் மிகைத் தண்ணீர் வழிந்தோடும் கல்கட்டில், இடுப்புயர வீழ்ச்சி இருந்தால் கீழே உள்ள வாளைக்கு அது மதில் சுவர். பெருவெள்ளத்தில் கலிங்குக்குக் கீழே தண்ணீர் ஏறி, மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே மட்டமாகும் சில மணி நேரம்தான் அந்த மதிலில் கதவு திறக்கும்.

செப்டம்பரில் நடங்கள்

மழைக்கு முன்னால், கால்வாய் காய்ந்து கிடக்கும்போது, ஒரு கண்மாயைத் தேர்ந்தெடுத்து அதன் தண்ணீர் வழியை முழுக்க நடந்து பாருங்கள். மழை வந்தபின் இந்த வேலையைச் செய்ய முடியாது, எல்லாம் ஒரே வெள்ளக்காடாகத் தெரியும்.

மதுரை வட்டாரத்தில் தண்ணீர் மூன்று விதமாகக் கண்மாய்க்கு வருகிறது. வைகையிலிருந்து நேராகப் பிரியும் கால்வாய் ஒன்று, நிலையூர்க் கால்வாய் மாதிரி. பேரணையிலிருந்து புறப்படும் பெரியாறு பிரதானக் கால்வாயும் அதன் கிளைகளும் இன்னொன்று. மூன்றாவது மலையடிவார ஓடை மட்டுமே நம்பும் மானாவாரிக் கண்மாய். ஆற்றோடு தொடர்புள்ள முதல் இரண்டு வகையில் தேடத் தொடங்குங்கள். மூன்றாவதில் வாளை இருந்தால், மறுகால் (கலிங்கு தாண்டி வழியும் தண்ணீர் ஓடும் கால்) வழியாக எங்கோ கீழே ஒரு தொடர்பு இருக்கும், அல்லது யாரோ கொண்டுவந்து விட்டிருப்பார்கள்.

நடக்கும்போது குறிக்க வேண்டியவை: தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் கண்மாய்க்குள் நுழையும் இடம், உள்வாயில் (கரைக்கு உட்புறம் தண்ணீர் பரவும் பகுதி) புல் நிற்கும் தரை எவ்வளவு தூரம், மடைகள் எத்தனை, ஒவ்வொரு மடைக்கும் முன்னால் பள்ளம் உண்டா, கலிங்கின் உயரம், மறுகால் போய்ச் சேரும் அடுத்த கண்மாயின் பெயர். கலிங்கின் உயரத்தை மேல்தளத்திலிருந்து கீழ்ப்பக்கத் தரை வரை டேப் பிடித்து அளந்துவிடுங்கள். கலிங்கின் மேல் நட்டுவைத்த கற்கள் வரிசையாக நின்றால், இடையில் மண்ணும் வைக்கோலும் வைத்து அடைக்கும் வழக்கம் அங்கே உண்டா என்று மடை பார்ப்பவரிடம் கேளுங்கள். அடைத்தால் மீன் வழியும் அடைபடும். மடைக்காரரைவிட இதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் ஊரில் யாரும் இல்லை. அதனால் முதலில் அவரிடம் போங்கள், வரைபடம் அப்புறம்.

அனுமதி விஷயமும் இப்போதே முடிக்க வேண்டியது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. மீன்பாசிக் குத்தகை (மீன் பிடிக்கும் உரிமை) எடுத்தவர் வேறு ஆளாக இருப்பார். இரவில் கரையில் டார்ச்சோடு நிற்கிறவரை அவர் திருடன் என்றுதான் நினைப்பார். பகலில் ஒருமுறை போய் முகம் காட்டிவிட்டு வருவது நல்லது.

சாமான்

பெரிய செலவு இல்லை. ஐந்து மீட்டர் நைலான் கயிறு, கால் மீட்டருக்கு ஒரு முடிச்சு, நுனியில் ஒரு கிலோ கல். ஆழம் பார்க்க அது போதும். கயிற்றை முதலில் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, காயாமலேயே முடிச்சுப் போடுங்கள். கலங்கல் பார்க்க 20 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு தட்டு: நாலு கால்பாகமாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கறுப்பும் வெள்ளையும் அடித்து, நடுவில் கயிறு கட்டி இறக்க வேண்டும். கண்ணுக்கு மறையும் ஆழம், தூக்கும்போது மறுபடி தெரியும் ஆழம், இரண்டுக்கும் சராசரி எடுங்கள். வெயிலுக்கு முதுகு காட்டி, உங்கள் நிழலில் பாருங்கள். மீன் பண்ணைக்காரர்கள் வாங்கும் கரைந்த ஆக்சிஜன் சோதனைக் கிட் ஒன்று, ஒரு வெப்பமானி, பென்சில், கெட்டி அட்டை நோட்டு. பேனா எழுத்து மழையில் ஓடிவிடும்.

ஆக்சிஜன் அளவில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பாசி நிறைந்த கண்மாயில் அளந்தால் எண் பிரமாதமாக வரும், ஏனென்றால் பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளிவிட்டுக்கொண்டிருக்கும். இரவு முழுக்க அதே பாசி ஆக்சிஜனை இழுக்கும். மீனுக்கு மூச்சு முட்டுவது விடியற்காலையில். ஆகவே ஐந்தரை மணிக்கு, சூரியன் வருமுன் அளங்கள். பாட்டிலைத் தண்ணீருக்கு ஒரு அடி கீழே முக்கி, அங்கேயே நிரப்பி, அங்கேயே மூடுங்கள். உள்ளே ஒரு குமிழி இருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். முதல் மருந்துச் சொட்டுகளைக் கரையிலேயே விட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டால் பயனில்லை. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வாளைக்கு நிம்மதி. 3-க்குக் கீழே போனால் அந்தக் கண்மாயில் அது நிலைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆண்டுச் சுற்று

வட இந்தியாவில் வாளை தென்மேற்குப் பருவமழையில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சினையோடு ஏறும் என்று படித்துவிட்டு அதே மாதத்தில் மதுரைக் கண்மாய்க்குப் போனால் வெடித்த தரைதான் இருக்கும். இங்கே பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை. அதுவும் பாதிக் கதைதான். 1895-இலிருந்து பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்கு வருகிறது. 1959-இலிருந்து வைகை அணை அதைத் தேக்கி, பாசனத்துக்குத் திறந்துவிடுகிறது. மதுரை வைகையில் தண்ணீர் வருவதும் நிற்பதும் வானத்தோடு மதகு திறக்கும் உத்தரவையும் பொறுத்தது. மாதத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பாருங்கள். அணையின் முழு மட்டம் 71 அடி. நாளிதழில் அன்றாடம் வரும் அணை மட்டத்தையும், திறந்துவிடும் கன அடியையும் நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

இரண்டு தண்ணீரையும் ஒன்றாக எண்ணக் கூடாது. அணையிலிருந்து வருவது பெரும்பாலும் கலங்கல் குறைந்து, கால்வாய்க்குள்ளேயே ஒழுங்காக ஓடும். மழை வெள்ளம் செந்நிறமாக, நுரையும் சருகுமாக, கரை தாண்டிப் புல்தரைக்கு ஏறும். வாளைக்கு முட்டையிட அந்த நனைந்த புல்தரை வேண்டும். முட்டை ஒட்டும் தன்மையுள்ளது, நீருக்குள் மூழ்கிய புல்லிலும் செடியிலும் ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். தாயும் தகப்பனும் காவல் இருப்பதில்லை. விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துக்கொண்டு சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வாளை அப்படியில்லை, போட்டதும் போய்விடும். ஆகவே உள்வாய்ப் புல்தரையில் அந்தச் சில நாட்கள் தண்ணீர் இறங்காமல் நிற்பதுதான் எல்லாம். மடையை அவசரமாகத் திறந்து ஒரே இரவில் ஓரடி இறக்கினால், முட்டை புல்லில் ஒட்டியபடியே காய்ந்துபோகும்.

பொரிந்த குஞ்சுகளுக்கு அடுத்த ஆபத்து அவற்றின் அண்ணன் தம்பிகளே. ஒரே ஈற்றில் கொஞ்சம் பெரிதாக வளர்ந்தது சிறியதை வால்பக்கமாக விழுங்கத் தொடங்கும். பண்ணையில் வாளை வளர்க்க நினைத்தவர்களுக்குப் பெரிய தலைவலி இதுதான்.

ஜனவரிக்குப் பின் தண்ணீர் வடியும்போது பெரிய மீன்கள் பள்ளத்துக்கு இறங்கும். ஏப்ரல், மே மாதங்களில் கண்மாயில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று மடைப்பள்ளத்தின் ஆழம் சொல்லும். கயிற்றை இறக்கி ஒன்றரை மீட்டருக்கு மேல் தண்ணீர் நின்றால், கோடையைத் தாண்டும் வாய்ப்பு உண்டு. முழங்கால் அளவு என்றால் கொக்கும் நாமும் முந்திக்கொள்வோம்.

கலிங்கில் இரவு

மழை கொட்டி, வரத்துக்கால் ஓடத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று இரவுகள்தான் முக்கியம். "புதுத் தண்ணிக்கு மீன் ஏறுது" என்று ஊரே பேசும் நேரம் அது. ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை பாருங்கள்.

நிற்க வேண்டிய இடம் வரத்துக்கால் கண்மாயில் சேரும் முகத்துவாரம், அல்லது கலிங்குக்குக் கீழ்ப்பக்கம் தண்ணீர் சுழித்து அமைதியாகும் ஓரம். கலிங்கு மேல் ஏறி நிற்கக் கூடாது. பாசி படிந்த கல், கணுக்கால் அளவுத் தண்ணீர்கூட ஆளை அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு பேராகப் போங்கள், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடுங்கள். பூட்ஸ் சேற்றுக்காக அல்ல. வெள்ளம் பொந்தை நிரப்பியதும் விரியனும் நல்ல பாம்பும் கரைக்குத்தான் வரும்.

டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பு ஒட்டுங்கள். ஒளியைத் தண்ணீரில் நேராகப் பாய்ச்சாமல் ஓரப் புல்லின் மேல் சாய்த்துப் பிடியுங்கள். வாளை ஏறும்போது தண்ணீர்ப் பரப்பில் ஒரு நீண்ட சுருக்கம் ஓடும். அடித்துடுப்பு அலை அலையாக அசைவதால் வரும் சுருக்கம் அது. கெண்டை என்றால் துள்ளும், ஓசை கேட்கும். விரால் 'களக்' என்று காற்று வாங்கிவிட்டுப் போகும். ஒவ்வொரு பதினைந்து நிமிஷத்துக்கும் நேரம், தண்ணீர் மட்டம், கண்ட மீன் என மூன்றையும் எழுதுங்கள். ஒன்றும் காணாத கால்மணி நேரத்துக்கும் ஒரு வரி எழுத வேண்டும், பூஜ்யம் போட்டு. பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். அடுத்த வருஷம் ஒப்பிட ஒன்றும் இல்லாமல் போகிறது.

மட்டம் பார்க்க, கரையோரம் ஓர் அளவுகோல் குச்சியைப் பகலிலேயே ஊன்றி வைத்துவிடுங்கள். இருட்டில் கல்லையும் வேரையும் அடையாளம் வைத்துச் சொல்லும் மட்டம் எதற்கும் ஆகாது.

கையில் வந்தால்

குத்தகைக்காரர் வலையில் விழுந்ததை அளக்க விட்டால், முதலில் உங்கள் கையையும் துண்டையும் நனைத்துக்கொள்ளுங்கள். வறண்ட கை வாளையின் வழுவழுப்பான பூச்சை உரித்துவிடும், அங்கே பூஞ்சணம் பிடிக்கும். ஒரு கை வால் தண்டில், இன்னொரு கை வயிற்றுக்கு அடியில். செவுளுக்குள் விரல் விடவே கூடாது. வாய்க்குள்ளும் விடாதீர்கள்: தாடை முழுக்கப் பொடிப் பொடியான பற்கள் பட்டை பட்டையாக உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். விரல் உள்ளே சுலபமாகப் போகும், வெளியே இழுத்தால் தோல் அங்கேயே தங்கும். மாட்டிக்கொண்டால் இழுக்காமல், தாடையை மெல்லத் திறந்து எடுக்க வேண்டும்.

நனைத்த பலகையில் கிடத்தி, மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் மூட்டு வரை அளங்கள். வால் நுனி வலையில் கிழிந்திருக்கும் என்பதால் மொத்த நீளத்தை மட்டும் எழுதி வைத்தால் ஏமாற்றும். நனைந்த சாக்குப்பையில் போட்டு எடை பார்த்து, பையின் எடையைக் கழியுங்கள். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். சினை இருக்கிறதா என்று வயிற்றைப் பிதுக்கிப் பார்க்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்? உப்பிய வயிறும் சிவந்து தடித்த துவாரமும் பார்த்தாலே தெரியும்.

இரை பற்றிப் படிக்க உயிருள்ள மீன் வேண்டியதில்லை. மீன் வெட்டுகிறவரிடம் சொல்லிவைத்து, குடலை எறியாமல் வாங்குங்கள். இரைப்பையைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் பிளந்து, வெள்ளைத் தட்டில் தண்ணீரில் அலசுங்கள். முழுதாகக் கிடக்கும் மீனின் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். கரைந்துபோயிருந்தால் செதிலும் முதுகெலும்பும் பார்த்து இனம் சொல்லலாம். முதுகில் வரிசையாகக் கெட்டி முள் இருந்தால் ஜிலேபிக் கெண்டை. காலியாக இருந்தாலும் 'காலி' என்று எழுதுங்கள். வலையில் சிக்கிய மீன் தவிப்பில் தின்றதைக் கக்கியிருக்கவும் கூடும்.

எங்கே தப்பு நடக்கிறது

ஒரு கண்மாயில் முன்பு வாளை இருந்தது, இப்போது இல்லை என்றால், காரணத்தைக் கண்டபடி யூகிக்காமல் வழியிலிருந்து தொடங்குங்கள். வரத்துக்காலின் குறுக்கே புதிதாகத் தடுப்பணையோ குழாய்ப் பாலமோ வந்திருக்கிறதா? சின்ன விட்டக் குழாயில் தண்ணீர் பீறிட்டு வரும், மீன் எதிர்த்து ஏற முடியாது. ஆற்றில் விரகனூர், பார்த்திபனூர் போன்ற மதகணைகளும் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கின்றன. கதவு முழுதாகத் தூக்கப்படும் பெருவெள்ள நாட்களில்தான் மேலும் கீழும் சேர்கிறது.

வழி சரியாக இருந்தால், அடுத்து உள்வாயைப் பாருங்கள். ஓரங்களில் சீமைக் கருவேலம் அடைத்தோ, மண் மேடிட்டோ, உழுது விதைத்தோ இருந்தால் புல்தரை இல்லை, முட்டையிட இடமும் இல்லை.

அதுவும் சரி என்றால் குத்தகை. கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டவருக்கு வாளை எதிரி, அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. சுண்டுவிரல் அளவுக் குஞ்சை விட்டால் வாளைக்குப் பந்தி விரித்தது போலத்தான். பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்த்துப் பிறகு விட்டால் இழப்பு நிறையக் குறையும். அதை அவருக்கு எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம். கண்மாய் அழிக்கும் நாளில், அதாவது மிஞ்சிய மீனைப் பிடிக்க ஊரே ஊத்தாவும் (கூம்பு வடிவ மீன்கூடை) வலையுமாக இறங்கும்போது, ஒரு மடைப்பள்ளத்தை மட்டும் விட்டுவைக்கும் ஊர்களில் அடுத்த ஆண்டு சொந்த விதை இருக்கும். மேலே இருக்கும் கண்மாயிலிருந்து வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

தை, மாசியில் வயல்கால்களிலும் குழிகளிலும் சிக்கிய வாளைக் குட்டிகளைப் பார்த்தால், குழியில் ஒரு நாள் தண்ணீர்கூட மிஞ்சாது என்று தெரிந்தால் மட்டும் எடுங்கள். அகலமான இருபது லிட்டர் வாளியில் அந்தக் குழித் தண்ணீரையே பாதி நிரப்பி, ஐந்து குட்டிகளுக்கு மேல் போடாதீர்கள், அதுவும் ஒரே அளவில் உள்ளதாக. பெரியதும் சிறியதும் சேர்ந்தால் கண்மாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் எண்ணிக்கை குறைந்திருக்கும். ஈரச் சாக்கால் மூடி, நிழலிலேயே நடந்து போங்கள். அதே தண்ணீர் வழியில் உள்ள கண்மாயில்தான் விட வேண்டும், வேறு ஊர்க் கண்மாய்க்கும் வீட்டுத் தொட்டிக்கும் கொண்டுபோகக் கூடாது. கரையில் வாளியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு சொம்பு கண்மாய்த் தண்ணீராக மூன்று முறை ஊற்றி, சூடு சமமானதும் வாளியைச் சாய்த்துப் பிடியுங்கள், அவை தாமாகவே இறங்கிப் போகும். விட்ட இடம் கொக்கு நிற்கும் ஆழமில்லாத ஓரமாக இல்லாமல், மடைக்குப் பக்கத்தில் வேரோ கல்லோ உள்ள இடமாக இருக்கட்டும்.